பார்த்தவர் செய்தாரா?

காணொளி என்ற சொல் நமது வீடுகளில் இரண்டு விதமாகக் கேட்கிறது. பிள்ளைகளின் காதில் அது பொழுதுபோக்கு. பெற்றோரின் காதில் அது பயம். "போனைக் கீழே வை" என்று உம்மா சொல்லாத நாளும் இல்லை. "இன்னும் அஞ்சு நிமிஷம் உம்மா" என்று நாம் கெஞ்சாத நாளும் இல்லை. இந்த இரண்டுக்கும் அப்பால் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று இன்னொருவருக்குக் காட்டிக்கொடுக்கும் சின்னஞ்சிறு கற்பித்தல் காணொளியே அது. அதை வீட்டிலிருக்கும் ஒரு போனைக் கொண்டே செய்யலாம். நமது கல்லூரி மாணவிகள் அதைச் செய்ய வேண்டும் என்பது எனது கருத்து. செய்தபின் அதை எப்படி அளப்பது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று எண்ணிப் பயனில்லை. பார்த்தவர் அந்த வேலையைச் சரியாகச் செய்தாரா என்பதுதான் கேள்வி.

கொரோனாவால் 2020 மார்ச் நடுப்பகுதியில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 7இல் இருந்தேன். அதன்பின் பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. ஹட்டன் நகரத்தில் இருந்தவர்களுக்கு அது ஓரளவு கிடைத்தது. நகரத்தை விட்டு நான்கு வளைவு தாண்டினால் சிக்னல் இல்லை. பதுளை மாவட்டத்தில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காகக் காட்டையும் பாறையையும் ஏறிய செய்தி 2021இல் உலக ஊடகங்களிலும் வந்தது. நமது மலைகளிலும் அப்படி ஏறியவர்கள் உண்டு. ஆனால் ஏறி இறங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் கேட்க வேண்டும். நாற்பது நிமிடம் அசையாமல் நிற்கும் ஒரு வெண்பலகை; எதிரொலிக்கும் ஒரு குரல்; பாதியில் முடிந்துபோகும் டேட்டா. ஆசிரியர்கள் மனம் வைத்துச் செய்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் வகுப்பறையில் நடப்பதை அப்படியே படம்பிடித்தால் அது கற்பித்தல் காணொளி ஆகிவிடாது. வகுப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "விளங்கல்லையா?" என்று கேட்டு ஆசிரியர் திரும்பச் சொல்கிறார். காணொளிக்கு எதிரே இருப்பவரின் முகம் தெரியாது. ஆகவே அவருக்கு எங்கே விளங்காமல் போகும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். திட்டமிடல் என்பது இதுதான்.

நான் செய்த காணொளி பாடப்புத்தகம் பற்றியதல்ல. டிக்கோயாவுக்குப் போகும் பாதையில் வாப்பாவுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. அரிசி, மா, சவர்க்காரம், தீப்பெட்டியோடு ஜீவனி பக்கற்றும் விற்பார். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் தோட்டத்துத் தாய்மார் முதலில் தேடி வருவது அதைத்தான். பாடசாலை விடுமுறையில் நான் கடையில் நிற்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வரும்: "பாப்பா, இத எவ்வளவு தண்ணியில கலக்கணும்? ஒரு கிளாஸ் போதுமா?" பக்கற்றில் எழுதியிருக்கிறது. ஆனால் எழுத்து மிகச் சிறிது. இரவில், மங்கிய பல்ப் வெளிச்சத்தில், அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை யார் வாசிப்பது?

கேள்வி சின்னது, அதன் பின்னால் இருப்பது சின்னதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு பக்கற்றில் இருப்பது 20.5 கிராம் கலவை: குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மற்றவை இரண்டு உப்பு வகைகள். அது ஒரு லீற்றர் தண்ணீருக்கு உரியது. 200 மில்லிலீற்றர் கிளாஸில் முழுவதையும் கொட்டினால் உப்பு ஐந்து மடங்காகும். சிறுபிள்ளைக்கு அது ஆபத்து. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கரைத்தால் மூன்றில் இரண்டு பங்காக நீர்த்துப் போகும், பலன் குறையும். உயர்தரத்தில் கரைசலின் செறிவு என்று கணக்குப் போடுகிறோமே, அந்தக் கணக்கு ஒரு லயத்து வீட்டின் மேசையில் இப்படித்தான் வருகிறது.

முதலில் நான் போனைத் தொடவில்லை. ஒரு கொப்பித் தாளை எடுத்தேன். புதிதாகத் தொடங்கும் தோழிகளுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விடயம் இதுவே. தாளின் மேலே மூன்று கேள்விகள். யாருக்காக? பார்த்து முடிந்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? எங்கே அவர் கை தடுமாறும்? "எல்லோருக்காகவும்" என்று எழுதினால் காணொளி யாருக்கும் உதவாது. பக்கத்து லயத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும், கொழுந்து பறிக்கப் போகும் ஒரு அக்காவை மனதில் வைத்துக்கொண்டேன். அவரது வீட்டில் அளவுக் குவளை இல்லை. என்ன இருக்கிறது? தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. கடையில் விற்கும் ஒரு லீற்றர் போத்தல் ஒன்று, இல்லாவிட்டால் அரை லீற்றர் போத்தல் இரண்டு தரம். ஒன்றரை லீற்றர் போத்தல் வேண்டாம் என்பதையும் கட்டாயம் காட்ட வேண்டும். ஏனென்றால் வீட்டில் அதுதான் அதிகம் கிடக்கும்.

பிறகு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது. வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. ஒன்பது படிகள் வந்தன. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல். கொதித்து ஆறிய தண்ணீர். போத்தலால் ஒரு லீற்றர் அளத்தல். மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுதல். பக்கற்றைக் கொட்டுதல். கரையும்வரை கலக்குதல். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தல். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுத்தல். மூடி வைத்து, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுதல். கடைசியாக, எப்போது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பது: மலத்தில் இரத்தம், உட்குழிந்த கண்கள், குடிக்க முடியாமை, பிள்ளை சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல்.

இந்தத் தாளைத் தோட்டத்துக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் காட்டினேன். அவர் இரண்டு வரி சேர்த்தார். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கலந்த பிறகு மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லச் சொன்னார். கற்பித்தல் என்பது அமானிதம். சமையல் குறிப்பில் உப்புக் கூடினால் ஒரு நேரச் சாப்பாடு கெடும். மருந்து, மின்சாரம், அடுப்பு பற்றிய காணொளியில் ஒரு வரி தவறினால் அது ஒரு வீட்டைத் தாக்கும். ஆகவே தெரிந்தவரிடம் காட்டாமல் எதையும் அனுப்பக் கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே விடயத்தை நமக்கு முன்பே, காணொளி எதுவும் இல்லாமல், கற்பித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். பங்களாதேஷின் பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, வயிற்றோட்டத்துக்கான கரைசலைச் செய்யத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போது எல்லாக் கிராமத்துக்கும் பக்கற் போய்ச் சேரவில்லை. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று தாயின் கையையே அளவுகோலாக்கினார்கள். அவ்வாறு ஒரு கோடி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். நமக்குப் பக்கற் கிடைப்பதால் நாம் கைக்கணக்கில் இறங்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த முறையை நாம் கவனிக்க வேண்டும். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று அவர்கள் எண்ணவில்லை. பிறகு வேறொருவர் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். தாய் கற்றிருந்த அளவுக்குத்தான் கற்பித்தவருக்குக் கூலி. இந்தக் கட்டுரையின் தலைப்பிலுள்ள கேள்வியை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

இனிப் படப்பிடிப்பு. நல்ல கெமரா இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். சாதாரண போனின் கெமரா இதற்குத் தாராளம். மலையகத்தில் நமக்கு எதிரே நிற்பவை வேறு: பனிமூட்டம், மழை, தகரக்கூரை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை நமது பக்கம் மழைக்காலம். மழைத்துளி தகரத்தில் விழும்போது பக்கத்தில் நிற்பவரின் பேச்சே கேட்காது; போனுக்கு எப்படிக் கேட்கும்? ஆகவே படத்தையும் குரலையும் பிரித்தேன். படம் பகலில். குரல் இரவில், மழை ஓய்ந்த நேரத்தில், கட்டிலில் தடித்த கம்பளிக்குள் இருந்துகொண்டு. கம்பளி எதிரொலியை விழுங்கிவிடும். காசு செலவில்லாத ஒலிப்பதிவு அறை அதுதான்.

வெளிச்சத்துக்கு பல்பை நம்பக் கூடாது. காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டால் போதும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து கையில் விழ வேண்டும். ஜன்னல் பின்னால் இருந்தால் கை கறுத்துப்போகும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் நிறம் மாறும். காலையில் எடுத்ததோடு அது ஒட்டாது. சூடான தண்ணீருக்குப் பக்கத்தில் போனை வைத்தால் கண்ணாடியில் ஆவி படியும். ஒவ்வொரு தடவையும் துடைக்க ஒரு பருத்தித் துணி பக்கத்தில் இருக்கட்டும். மூன்றுகால் தாங்கி எங்களிடம் இல்லை. இரண்டு பால்மா டின்களின் மேல் ஒரு மரப்பலகை, அதன் விளிம்பில் போன், அதற்குப் பாரமாக இரசாயனவியல் புத்தகம். கெமரா கீழ்நோக்கிப் பார்க்க, மேசையில் கைகள் மட்டும் வேலை செய்தன. ஒவ்வொரு படியையும் இரண்டு தரம் எடுத்தோம்: ஒரு தடவை மேசை முழுவதும் தெரிய, மற்றத் தடவை கைக்கு மிக நெருங்கி. போனை விமானப் பயண நிலையில் வைத்தால் நடுவில் அழைப்பு வந்து படப்பதிவு அறுந்துபோகாது.

கைகள் என்றேனே, அவை உம்மாவின் கைகள். இங்கேதான் நமது வீடுகளில் பெரிதாக எழும் கேள்விக்கு வருகிறேன். "பெண் பிள்ளையின் முகம் எல்லாருடைய போனிலும் போக வேண்டுமா?" என்று வாப்பாவும் கேட்டார். அது பழைமைவாதம் என்று சொல்லி ஒதுக்கும் கேள்வி அல்ல. ஒரு படம் வெளியே போனால் அதைத் திரும்ப அழைக்க முடியாது. அதை வெட்டி ஒட்டி இழிவுபடுத்தும் கருவிகள் இன்று எவர் கையிலும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயத்துக்கு விடை, "காணொளியே வேண்டாம்" என்பதல்ல. கற்பித்தல் காணொளிக்கு முகம் தேவையே இல்லை. கரைசல் கலக்கும் இடத்தில் பார்ப்பவர் பார்க்க வேண்டியது கையையும் போத்தலையும்தான். முகம் தெரிந்தால் கவனம்தான் சிதறும்.

இதற்குப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. வங்காள முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சல்மான் கான், 2004இல் தூரத்து நகரமொன்றில் இருந்த தனது மாமா முறை உறவினரின் மகளுக்குத் தொலைபேசி வழியாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நடிகரல்ல, இவர் வேறு சல்மான் கான். மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்கவே 2006இல் பாடங்களை யூடியூபில் போட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகம் முழுவதும் பிள்ளைகள் படிக்கும் கான் அகடமி. அந்தக் காணொளிகளில் அவரது முகம் இல்லை. கறுப்புத் திரையில் வண்ணக் கோடுகள், கூடவே ஒரு குரல், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு விளங்க வைக்கத் தொடங்கியது கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. முகம் காட்டிக் கற்பிக்கும் சகோதரியை நான் குறை சொல்லவில்லை. அது அவரும் அவரது குடும்பமும் எடுக்கும் தீர்மானம். முகம் காட்ட விரும்பாத சகோதரிக்கும் கதவு மூடியில்லை என்பதே நான் சொல்வது.

முகம் பற்றிய கவனம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. மலையகத்தைப் பற்றி வெளியாரும் நாமும் எடுக்கும் பல காணொளிகளில் ஒழுகும் கூரையும், அழும் தாயும், வெறுங்காலுடன் பிள்ளையும் வருகிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டார்களா என்று நமக்குத் தெரியாது. துயரம் உண்மை, ஆனால் எந்நேரமும் இரங்கத்தக்கவர்களாகவே காட்டப்படும் மக்கள், எதுவும் தெரியாதவர்கள் என்றே எண்ணப்பட்டுவிடுவார்கள். கற்பித்தல் காணொளி இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே தோட்டத்துப் பெண் வேலை தெரிந்தவர். பார்ப்பவர் அவரிடம் கற்க வந்தவர்.

எடிட்டிங் என்றால் பூவும் நட்சத்திரமும் பறக்க விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எடிட்டிங் என்றால் முதலில் வெட்டுவது. எங்களிடம் 23 நிமிடப் படம் இருந்தது. இறுதிக் காணொளி 2 நிமிடம் 50 செக்கன். இலவசமாகக் கிடைக்கும் செயலி ஒன்றில் ஒவ்வொரு துண்டையும் வைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: இதை எடுத்துவிட்டால் அந்த அக்காவுக்கு ஏதாவது விளங்காமல் போகுமா? போகாது என்றால் அது வெட்டப்பட்டது. "அனைவருக்கும் வணக்கம், எமது சனலுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்பது முதலில் போனது. பின்னணி இசை வைக்கவில்லை. குரலுக்கு அது போட்டி. எழுத்துகள் மூன்று இடங்களில் மட்டும், பெரிதாக: "1 லீற்றர்", "முழுப் பக்கற்", "24 மணித்தியாலம்". ஆனால் எல்லாவற்றையும் குறுக்கவும் கூடாது. தண்ணீர் போத்தலின் கழுத்துவரை ஏறுவதை வெட்டாமல் முழுவதுமாக விட்டேன். செய்பவரின் கை எந்த இடத்தில் நின்று யோசிக்குமோ, அந்த இடத்தில் படமும் நின்று காட்ட வேண்டும்.

கடைசி வேலை, அளவைச் சிறிதாக்குவது. போனில் எடுக்கும் தெளிவான படம் நிமிடத்துக்கு 100 எம்.பி. அளவில் வந்துவிடும். டேட்டா கார்ட்டை எண்ணி எண்ணிப் போடும் வீட்டுக்கு அதை அனுப்புவது உதவியல்ல, தண்டனை. வட்ஸ்அப்பில் நீண்டகாலமாக ஒரு காணொளிக்கு 16 எம்.பி. என்ற எல்லை இருந்தது. அதையே எனது எல்லையாக வைத்துக்கொண்டேன். தெளிவைக் குறைத்து ஏற்றுமதி செய்தால் மூன்று நிமிடக் காணொளி அதற்குள் அடங்கும். சிக்னல் இல்லாத வீட்டுக்கு புளூடூத் போதும்.

காணொளி முடிந்ததும் நான் மனதில் வைத்திருந்த அந்த அக்காவையே கடைக்கு வரச்சொல்லிக் காட்டினேன். ஒரு நிபந்தனை: நான் வாய் திறக்கக் கூடாது. அவர் பார்த்தார், போத்தலை எடுத்தார், ஒரு லீற்றரைச் சரியாக அளந்தார். பக்கற்றை வெட்டிப் பாதியைக் கொட்டிவிட்டு மீதியை மடித்துச் சுருட்டினார். "சின்னப் புள்ளைக்குத்தானே பாப்பா, பாதி போதும். மிச்சம் நாளைக்கு ஆகும்" என்றார். சிக்கனமாகவே வாழப் பழகிய கை அது. எந்தப் புத்தகத்திலும் நான் அந்தப் பாதியைக் கண்டிருக்க முடியாது. அன்றே இரண்டு துண்டுகள் சேர்ந்தன: பக்கற்றைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று கெமராவுக்குக் காட்டும் ஒன்று, "பிள்ளை சின்னதென்றாலும் முழுப் பக்கற், முழு லீற்றர். குடிக்கக் கொடுப்பதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்" என்ற குரலோடு இன்னொன்று. பிறகு பார்த்த இருவரும் முழுப் பக்கற்றையும் கொட்டினார்கள். அந்த மூன்று பேர்தான் எனது பார்வையாளர் எண்ணிக்கை. அதை முப்பதாயிரம் லைக்குகளுக்கு மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

"யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, நீ எதற்கு?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்கு விடை இந்தியாவில் கிடைக்கிறது. 2006 அளவில் பெங்களூரில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி, கிராமத்து விவசாயிகளை வைத்தே விவசாயக் காணொளிகளை எடுத்து, பக்கத்துக் கிராமங்களில் கூட்டமாக இருத்திக் காட்டியது. ஊர்க்காரர் ஒருவர் படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பார். 16 கிராமங்களில் செய்த ஆய்வில், வழக்கமான முறையை விட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக மக்கள் புதிய முறைகளைக் கைக்கொண்டார்கள். அங்கே பார்த்தவர்கள் முதலில் கேட்டது, "இவர் எந்த ஊர்? பெயர் என்ன?" என்பதுதானாம். நம்மைப் போன்ற ஒருவர், நம்மிடம் இருக்கும் பாத்திரத்தில், நமது பேச்சில் செய்வதைப் பார்த்தால்தான், "இது என்னாலும் முடியும்" என்ற எண்ணம் வருகிறது. பளிங்குச் சமையலறையில் அளவுக் குவளையோடு செய்து காட்டும் காணொளியில் தகவல் சரியாக இருக்கலாம். ஆனால் நம் வீட்டு ஒன்றரை லீற்றர் போத்தலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

நமது நுவரெலியா மாவட்டத்துக்கும் இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு இணையத்தை வானொலியில் கொண்டுவந்தது. கணினி இல்லாத மக்கள் தமது கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, அதை மக்களின் மொழியில் விளக்குவார்கள். உலகின் அறிவு நமது மலைக்கு வர நடுவில் ஒரு மனிதர் தேவைப்பட்டார். இன்று போன் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த நடு மனிதரைத்தான் காணவில்லை. உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளை ஏன் அந்த இடத்தில் நிற்கக் கூடாது?

"இதற்குப் பெரிய படிப்பு வேண்டாமா?" என்று கேட்போருக்கு ஒரே ஒரு பெயர்: அகமதாபாத்தின் சேவா சங்கம். 1972இல் எலா பட் தொடங்கிய இந்தப் பெண் தொழிலாளர் சங்கம், 1984இல் தன் உறுப்பினர்களுக்கு வீடியோப் பயிற்சி அளித்தது. மரக்கறி விற்றவர்கள் உட்பட, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் கெமரா பிடித்தார்கள்; தமது சக தொழிலாளருக்குத் தேவையானவற்றைத் தாமே படமாக்கினார்கள். அக்காலத்து வீடியோக் கருவி தோளை அழுத்தும் பாரம். நமது கையில் இருப்பது இருநூறு கிராம் போன்.

அன்பின் பெற்றோரே, உங்கள் கவலையில் இன்னொன்றும் இருக்கிறது: இது படிப்பைக் கெடுக்காதா? மூன்று நிமிடக் காணொளிக்கு எனக்கு மூன்று வார இறுதிகள் போயின. ஆனால் செறிவு என்ற பாடத்தை அதற்குமுன் நான் அவ்வளவு ஆழமாகப் படித்ததில்லை. ஒருவருக்குக் கற்பிக்க வேண்டுமென்றால் நாம் இரு மடங்கு விளங்கியிருக்க வேண்டும். போனைப் பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதைவிட, அதைக் கொண்டு என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் வந்து உட்காருங்கள். முடிந்தால் உங்கள் கையையும் கெமராவின் முன் வையுங்கள். உம்மாமாருக்குத் தெரிந்த எத்தனையோ விடயங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தோழிகளே, தலைப்புக்குப் பஞ்சமில்லை. தரம் 5 பிள்ளைக்குப் பின்னக் கணக்கு. வங்கிப் படிவத்தை நிரப்பும் முறை. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தேவையான பத்திரங்களை ஒழுங்குபடுத்துவது. தையல் இயந்திரத்தில் நூல் கோர்ப்பது. விஞ்ஞான கூடத்தில் நுணுக்குக்காட்டியைச் சரிசெய்வது. ஒவ்வொன்றும் ஒரு வேலை, ஒரு ஆள், மூன்று நிமிடம்.

நமது கல்லூரியின் அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் மன்றமும் விஞ்ஞான மன்றமும் சேர்ந்து தவணைக்கு ஒரு தடவை கற்பித்தல் காணொளிப் போட்டி நடத்தலாம். விதிகள் எளியவை: மூன்று நிமிடத்துக்குள், 16 எம்.பி.க்குள், தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்தது, அனுமதியில்லாமல் எவரது முகமோ வீடோ வராதது. புள்ளி வழங்கும் முறை மட்டும் வேறாக இருக்கட்டும். நடுவர்கள் காணொளியைப் பார்த்துப் புள்ளி போட வேண்டாம். அந்த விடயம் தெரியாத ஒரு பிள்ளையிடமோ தாயிடமோ அதைக் காட்டி, பேசாமல் ஒதுங்கி நின்று, அவர் செய்வதைப் பார்த்துப் புள்ளி போடட்டும்.